பின்பக்க இடது டயர்

“பாரம் சரியாத்தான் இருந்துச்சு, மேடம்” என்றாள் போனில் பேசியவள்.

ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கைக் கவனித்துக்கொள்ளும் பெண் அவள். “வேன் மோதினப்போ பின்கதவு திறந்து ரோடு முழுக்கப் பெட்ஷீட்டா சிதறிக் கிடந்துச்சு. எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்து இங்கதான் போட்டாங்க. நாங்க கிலோ கணக்குலதான் துணி வாங்குவோம். அதனால எடை போட்டோம். தினமும் வர்ற எடைதான். வெளித் துணின்னு ஒரு துண்டுகூட இல்ல. எல்லாத்துலயும் எங்க முத்திரை இருக்கு.”

மேடம் நன்றி சொல்லி போனை வைத்தார். வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் வேலையை விட்டுவிட்டு, கண்ணாடிக் கடைக்கு மேல் ஓர் அறை எடுத்துத் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து அவர் எல்லோருக்கும் மேடம்தான். எதிர் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் கொசுறு. மேடம் கேட்டது ஒரு டைப்பிஸ்டை மட்டும்தான். ஏஜென்சிக்காரர் அவளோடு இவனையும் சேர்த்து அனுப்பிவைத்தார். டைப்பிஸ்ட் ஒரே மாதத்தில் நின்றுவிட்டாள். இவன் நிலைத்துவிட்டான், பெயரும் நிலைத்துவிட்டது.

“யார் மேடம் போன்ல? முகம் இஸ்திரி போட்ட மாதிரி ஆயிடுச்சே.”

“நேத்து நான் சொன்னது தப்பு” என்றார் மேடம்.

கொசுறுவின் கால் ஆட்டம் நின்றது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரி ஒன்றின் முதலாளி, போன வாரம் மேடத்தைத் தேடி வந்திருந்தார். அவருடைய டெலிவரி வேனின் பின்பக்க இடது டயர் ஓடும்போதே வெடித்து, வேன் பாலத்துச் சுவரில் மோதியிருந்தது. துணிக் கணக்கு எழுத முன்சீட்டில் போன அவருடைய ஒரே மகளுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. வேனை ஓட்டியவர் வெளியாள் இல்லை, முதலாளியின் தங்கை கணவர். “மாப்பிள்ளை எனக்குத் தெரியாம வெளி லோடு ஏத்துறார்னு சந்தேகம். நிரூபிச்சுக் குடுங்க” என்று கேட்டார் முதலாளி.

மேடம் நிரூபித்துக் கொடுத்தார். நேற்று, லாண்டரி முற்றத்தில், இஸ்திரி போடும் பெண்களும் துணி பிழியும் ஆட்களும் சுற்றி நிற்க.

“ஒவ்வொரு டயர்லயும் ஒரு லோடு நம்பர் இருக்கும்” என்று ஆரம்பித்தார் அவர். “இந்த வேன் டயர்ல நூத்தி ஒம்பதுன்னு இருக்கு. அது கிலோ இல்ல, ஒரு குறி. அட்டவணையில பார்த்தா, அந்தக் குறிக்கு ஆயிரத்து முப்பது கிலோன்னு அர்த்தம். ஒரு டயர் அவ்வளவு தாங்கும். வேன், ஆளுங்க, உங்க துணி எல்லாம் சேர்ந்தாலும் பின் டயர் ஒண்ணு மேல தொள்ளாயிரம் கிலோதான் உட்காரும். ஆனா ரிம்ல ஒட்டியிருந்த ரப்பர் சூடேறிக் கருகியிருக்கு. அப்படின்னா கணக்குல வராத பாரம் ஏதோ வண்டியில இருந்திருக்கு. விபத்து நடந்து அரை மணி நேரம் கழிச்சுத்தான் முதலாளிக்குத் தகவல் வந்திருக்கு. அந்த அரை மணி நேரத்துல அந்தத் திருட்டு லோடு எங்க போச்சுன்னு டிரைவர்தான் சொல்லணும். ஆளு பொய் சொல்லலாம். டயர் சொல்லாது.”

டிரைவர் சட்டைப் பையிலிருந்த வேன் சாவியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் மனைவி, கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுக் கிளம்பினாள். அவரோடு சேர்ந்து போகவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனாள். அந்த இடைவெளிகூட நேற்று மேடத்துக்கு ஒரு சாட்சியாகத் தெரிந்தது.

“ரெண்டு வழிதான் மேடம்” என்றான் கொசுறு. “ஒண்ணு, பாரம் அதிகம். இல்லேன்னா, டயர் கம்மி. முதல் கதவை ஆஸ்பத்திரி அக்கா சாத்திட்டாங்க.”

“டயரை நான் படிச்சேனே.”

“எத்தனை டயரை?”

மேடம் எண்ணிப் பார்த்தார். நல்ல நிலையில் இருந்த மூன்று டயர்களைப் படித்திருந்தார். ஸ்டெப்னியைப் படித்திருந்தார். எந்த வண்டிக்கு எந்த டயர் என்று டிரைவர் கதவோரத்தில் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் படித்திருந்தார். எல்லாவற்றிலும் நூற்றி ஒன்பதுதான். வெடித்த டயரைத்தான் படிக்கவில்லை. வண்டியை இழுத்துப்போனவர்கள், ரிம்மில் தொங்கிய கிழிசலை அறுத்துப் பாதையோரம் வீசிவிட்டிருந்தார்கள்.

“மூணு நாற்காலியை ஆட்டிப் பார்த்துட்டு நாலாவதுல உட்கார்ந்துட்டீங்க” என்றான் கொசுறு.

வேறு நாளாக இருந்தால் முறைத்திருப்பார். இன்று, “ஆமாம்” என்றார். அந்த ‘ஆமாம்’ கொசுறுவுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

போகும் வழியில், மேடம் எடுத்து வைத்திருந்த டயர் படங்களைச் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் எட்டிப் பார்த்தான்.

“இதுல நூத்தி ஒம்பதுக்குப் பக்கத்துல நூத்தி ஏழுன்னு இன்னொண்ணு இருக்கே?”

“ஒரு பக்கத்துக்கு ஒரு சக்கரம் மாட்டினா முதல் நம்பர். லாரி மாதிரி ரெண்டு சக்கரத்தை ஒட்டி ஒட்டி மாட்டினா ரெண்டாவது. ஜோடியா மாட்டும்போது ஒவ்வொண்ணும் கொஞ்சம் குறைவாத்தான் தாங்கும்.”

“தனியா இருந்தா அதிகம் தாங்கும், ஜோடி சேர்ந்தா தாங்குற சக்தி குறையும். இதை டயர்லயே அச்சடிச்சு வச்சிருக்கான். எங்கம்மா கேட்டா காட்டுறதுக்கு ஒரு படம் குடுங்க மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாலத்துச் சுவரில் மோதிய இடம் வெள்ளையாகப் பெயர்ந்திருந்தது. டயர்க் கிழிசல் எதுவும் கண்ணில் படவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் செடி விற்கும் நர்சரி ஒன்று இருந்தது. பெரிய தொப்பி போட்ட நர்சரிக்காரி தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இங்க கிழிஞ்ச டயர் ஒண்ணு கிடந்துச்சே, பார்த்தீங்களா?”

“கிடந்துச்சு. எடுத்துக்கிட்டேன். குப்பைதானே?” அவள் குழாயால் ஒரு மூலையைக் காட்டினாள். எலுமிச்சைக் கன்று ஒன்றைச் சுற்றி, வேருக்குத் தண்ணீர் தங்குவதற்காக, வளையமாகப் பாதி புதைந்திருந்தது அந்த டயரின் பக்கவாட்டுப் பகுதி. “இப்பத்தான் வேர் பிடிச்சிருக்கு. பிடுங்கக் கூடாது. படிக்கணும்னா படுத்துப் படிங்க.”

கொசுறு சட்டையைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான், குப்புறப் படுத்தான். “பள்ளிக்கூடத்துல இப்படி விழுந்து விழுந்து படிச்சிருந்தா இன்னிக்கு நீங்க எனக்கு அசிஸ்டென்ட் மேடம்.”

“அளவு என்ன?”

அவன் விரலால் மண்ணைத் துடைத்தான். “இருநூத்திப் பதினஞ்சு, சாய்கோடு எழுபது, ஆர் பதினஞ்சு. அச்சு அசலா மத்த டயர் மாதிரியேதான்.”

“ஆர் பதினஞ்சுக்குப் பக்கத்துல சின்னதா ‘சி’ இருக்கா?”

“இல்ல.”

“நம்பர்?”

கொசுறு இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளினான். அவன் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. “தொண்ணூத்தி எட்டு.”

மேடம் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பூந்தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அளவு அதே. ரிம்ல கச்சிதமா உட்காரும். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா ‘சி’ போட்டது சுமை வண்டிக்கு. இது வெறும் கார் டயர். தொண்ணூத்தி எட்டுன்னா எழுநூத்தி ஐம்பது கிலோ. அதுமேல தினமும் தொள்ளாயிரத்தை ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. வெடிக்காம இத்தனை நாள் ஓடினதே பெரிசு.”

“அப்போ டிரைவர் நல்ல டயரை வித்துட்டு இதை மாட்டியிருப்பார்னு சொல்லலாமே?”

“சொல்லலாம். நேத்து சொன்ன மாதிரி.”

கொசுறு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். நர்சரிக்காரி கையைக் கழுவக் குழாயை நீட்டினாள். மேடம் எழுந்திருக்கவில்லை. நேற்று தன் குரல் முற்றத்தில் கணீரென்று கேட்டதும், ‘ஆளு பொய் சொல்லலாம், டயர் சொல்லாது’ என்றபோது இஸ்திரிப் பெண்களில் ஒருத்தி தலையாட்டியதும், அந்தத் தலையாட்டலில் தனக்குக் கிடைத்த சந்தோஷமும் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த வாசகத்தை அவர் முந்தின நாள் குளிக்கும்போதே யோசித்து வைத்திருந்தார்.

“மேடம், அந்த ரிம்ல பச்சை மூடி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?” என்றான் கொசுறு. “காத்து அடிக்கிற இடத்துல. மத்த மூணுலயும் கறுப்பு மூடி. நான்கூட இது ஒண்ணு மட்டும் தொப்பி போட்டிருக்குன்னு சொன்னேன். நீங்க, வேலையைப் பாருன்னு சொன்னீங்க.”

“பச்சை மூடி, சாதாக் காத்துக்குப் பதிலா நைட்ரஜன் அடிக்கிற கடையிலதான் போடுவாங்க” என்றார் மேடம் மெதுவாக. எழுந்தார். “நீ பார்த்திருக்கே. நான் பார்க்கல.”

“இப்படியெல்லாம் பேசாதீங்க மேடம். எனக்கு ஜுரம் வந்துடும்.”

நைட்ரஜன் அடிக்கும் டயர்க் கடை லாண்டரிக்குப் போகும் சாலையிலேயே இருந்தது. அந்தப் பக்கத்துக்கே அது ஒன்றுதான். டயர்க் கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு, ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் டயரின் அளவையும் எண்ணையும் சொன்னதும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“ஒரே ஒரு சக்கரம். ஒரு பொண்ணு ஆட்டோல வச்சுக் கொண்டுவந்துச்சு. டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிருந்துச்சு, நடைபாதை விளிம்புல உரசின மாதிரி.”

“பொண்ணா?”

“இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். முகமெல்லாம் வீங்கியிருந்துச்சு, அழுதிருக்கும்போல. பழைய டயரைப் பார்த்ததுமே சொன்னேன், இது சுமை வண்டி டயர், இந்த நம்பர் கைவசம் இல்ல, ரெண்டு நாள் ஆகும்னு. அதே அளவுல எது இருந்தாலும் குடுங்க, வண்டி இன்னிக்கே பழையபடி நிக்கணும்னுச்சு.”

“குடுத்துட்டீங்க.”

கடைக்காரர் பக்கத்தில் இருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

“குடுத்தேன். லோடு ஏத்தக் கூடாதும்மா, காலியா ஓட்டு, சரியான டயர் வந்ததும் மாத்திக்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சரி சரின்னு தலையாட்டுச்சு. டயர் வந்துடுச்சு, அந்தா மேல இருக்கு பாருங்க. பொண்ணு வரல. போன் நம்பர் வாங்கி வச்சிருந்தேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். கடையில கூட்டம்...” அவர் நிறுத்திக்கொண்டார். “ஏதாவது ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு” என்றார் மேடம்.

மேலே, அலமாரியின் கடைசித் தட்டில், காகிதம் சுற்றிய ஒரு டயர் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

காருக்குள் ஏறியதும் கொசுறு இன்ஜினைப் போடவில்லை. “அந்தப் பொண்ணு எந்தப் பொண்ணுன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு மேடம். தெரியாமலே இருந்திருக்கலாம்.”

“ஆஸ்பத்திரிக்குப் போ.”

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. முதலாளியின் மகள் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து படுத்திருந்தாள். காலில் கம்பி போட்டு, கப்பியில் கட்டி உயர்த்தியிருந்தார்கள். அப்பா இப்போதுதான் வேலைக்குப் போனார் என்றாள்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். ஒன்றையும் கேட்கவில்லை.

“நேத்து உன் மாமாவை நான் எல்லார் முன்னாடியும் திருடன்னு சொல்லிட்டேன்” என்றார்.

பெண்ணின் முகம் மாறியது. “மாமாவையா? அப்பா என்கிட்ட சொல்லவே இல்லையே. மாமா என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. சாவியை வச்சுட்டுப் போயிட்டார்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

“மாமாவோட அம்மாவுக்கு ஆபரேஷன்னு அவர் லீவுல போயிருந்தார்” என்றாள். “வேனை நான் எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை கேட்ல இடிச்சிருக்கேன். அன்னிக்கு வேற ஆள் இல்லேன்னு நானே எடுத்துட்டுப் போனேன். போன் வந்துச்சு, குனிஞ்சு பார்த்தேன், அவ்வளவுதான். நடைபாதையில ஏத்திட்டேன். யாரோ வந்து ஸ்டெப்னி மாட்டிக் குடுத்தாங்க. ஆனா ஸ்டெப்னி சக்கரம் கறுப்பு, மத்ததெல்லாம் வெள்ளி நிறம். அப்பா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவார். அதனால அன்னிக்கே டயர் வாங்கி மாட்டிட்டேன்.”

“லோடு ஏத்தக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாராமே.”

“சொன்னார்.” அவள் குரல் கீழே இறங்கியது. “மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். நாளைக்கு மாத்தலாம், நாளைக்கு மாத்தலாம்னு இருந்தேன். முதல் நாள் லோடு ஏத்தினப்போ பயமா இருந்துச்சு. ஒண்ணும் ஆகல. மறுநாள் பயம் கொஞ்சம் குறைஞ்சுது. அப்புறம் அதைப் பத்தி நினைக்காம இருக்கப் பழகிட்டேன்.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“புது டயரைப் பார்த்துட்டுக் கேட்டார். பஞ்சர், அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னேன். சரி பாப்பான்னார். நம்பர் விஷயத்தைச் சொல்லல. சொன்னா வண்டியை எடுக்க மாட்டார், அப்பாவுக்குத் தெரிஞ்சுடும்.” அவள் காலைப் பார்த்தாள். “மோதினதும் மாமா போன் நொறுங்கிப்போச்சு, என்னோடது எங்க விழுந்துச்சுன்னே தெரியல. யாராவது வண்டியை நிறுத்துற வரைக்கும் ரோட்டுல உட்கார்ந்து என் காலை ஆடாமப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். அவர் கையெல்லாம் ரத்தம். அது அவர் ரத்தமா என்னோடதான்னுகூடத் தெரியல. அப்போகூட நான் சொல்லல மேடம்.”

அந்த அரை மணி நேரம். மேடம் தன் கைப்பையின் பிடியை இறுக்கிக்கொண்டார்.

“இங்க கொண்டுவந்து சேர்த்த அன்னிக்கு மாமா வந்து, டயர் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்காதே, முதல்ல கால் சரியாகட்டும்னு சொல்லிட்டுப் போனார். நானும் அதைச் சாக்கா வச்சுக்கிட்டேன். நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க மேடம், ப்ளீஸ்.”

“என் தப்பை நான் சொல்லிக்கிறேன்” என்றார் மேடம். “உன்னோடதை நீதான் சொல்லணும்.” சொன்ன பிறகு அது கடுமையாகப் பட்டிருக்குமோ என்று எழுந்து, அவள் காதோரம் ஈரத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். வாசலில் நின்றிருந்த கொசுறு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த சுகாதார அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

டிரைவரின் வீட்டுக்கதவை அவர் மனைவி திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?” என்றாள்.

“நேத்து நான் சொன்னது எல்லாமே தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்து வந்தார். மேடம் நர்சரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கமாக, அலங்காரம் இல்லாமல் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். டிரைவர் அதை எதிர்பார்த்தவராகவோ சந்தோஷப்பட்டவராகவோ தெரியவில்லை.

“பாப்பாகிட்ட போய்க் கேட்டீங்களா?” என்றார். “ஏங்க இதைப் போய்த் தோண்டினீங்க? என் பேரு போனா போயிட்டுப் போகுதுன்னுதானே விட்டேன். அவளோட காலை அவளே உடைச்சுக்கிட்டான்னு அந்தக் குழந்தை ஆயுசுக்கும் நினைக்கணுமா?”

குற்றமற்றவர் என்று நிரூபித்துவிட்டு இப்படித் தலைகுனிந்து நிற்க நேரும் என்று மேடம் எந்த வழக்கிலும் நினைத்ததில்லை.

“அது மட்டும் இல்ல” என்றார் டிரைவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. “இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன். புது டயரைப் பார்த்ததும் பரவாயில்லையேன்னு காலால தட்டிப் பார்த்தேன். குனிஞ்சு படிக்கல. ‘சி’ இல்லாதது வெடிச்ச பிறகுதான் என் கண்ணுல பட்டுச்சு. அதைப் பார்த்து ஏத்துறது என் வேலை, பாப்பாவோட வேலை இல்ல. நீங்க திருட்டு லோடுன்னு சொன்னப்போ, குத்தம் தப்பா இருக்கு, தண்டனை சரியாத்தான் இருக்குன்னு தோணுச்சு. அதான் பேசல.”

அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றாள். “வீட்டுக்கு வந்ததும் யார் துணியை ஏத்தினீங்கன்னு கேட்டேன். சாப்பாடு போடும்போது கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேனே. நீங்க தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க. நான் அதை...” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“விடு” என்றார் டிரைவர். “நீ என்ன பண்ணுவே? அவங்க அப்படித் தெளிவாச் சொன்னாங்க.”

திட்டியிருந்தால்கூட மேடத்துக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

மேசை மேலிருந்த போன் அடித்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். “அண்ணன்” என்றாள். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. இந்த முறை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

“சொல்லுங்க மச்சான்” என்றார் அவர். எதிர்முனையில் முதலாளி பேசினார். “சரி மச்சான்... சரி. அழாதீங்க. பாப்பாவைத் திட்டிடாதீங்க. திட்டினீங்கன்னா நான் வேலைக்கு வர மாட்டேன். ஆமா, காலையில வர்றேன்.”

மேடமும் கொசுறும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.

“இன்னிக்கு நான் அதிகம் பேசலையோ?” என்றான் கொசுறு.

“பேசலாம். எனக்கு நல்லா இருக்கும்.”

“ஒண்ணும் வரமாட்டேங்குது மேடம்.”

மறுநாள் காலை லாண்டரி முற்றத்தில் மேடம் நின்றார். நேற்றைக்கு முந்தின நாள் கூடியிருந்த அதே ஆட்கள். முதலாளி ஓரமாக, கழுவாத முகத்தோடு நின்றார். வாடகைக்கு எடுத்த வேன் ஒன்று பின்கதவு திறந்தபடி காத்திருந்தது.

மேடம் எழுதிவைத்துக்கொண்டு வரவில்லை. “அன்னிக்கு இங்க நின்னு உங்க டிரைவர் திருட்டு லோடு ஏத்தினார்னு சொன்னேன். வண்டியில ஒரு துணிகூட அதிகமா இல்ல. டயர்தான் அந்த வண்டிக்கு உதவாத டயர். அதை மாட்டினது அவர் இல்ல. நான் பார்க்க வேண்டிய டயரைப் பார்க்காம, பார்த்த மாதிரி பேசிட்டேன். அவர் யோக்கியமானவர். நான் சொன்னது பொய்” என்றார். யார் மாட்டியது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கூட்டம் கலையவில்லை. இஸ்திரி போடும் பெண்களில் மூத்தவள், அன்று தலையாட்டியவள், முன்னால் வந்தாள்.

“நீங்க வெளியாள், ரெண்டு நாளாத்தான் அவரைத் தெரியும். வந்து சொல்லிட்டீங்க” என்றாள். “நாங்க தினம் அவரோட சேர்ந்து சாப்பிடுறவங்க. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லேன்னு எங்கள்ல ஒருத்தர்கூட அன்னிக்கு வாயைத் திறக்கலையே மேடம். அதை எப்படிச் சொல்றது?”

மேடம் அவளைப் பார்த்தார். “எனக்கும் தெரியலம்மா” என்றார்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு டிரைவர் உள்ளே வந்தார். இந்த முறை அவர் மனைவி பக்கத்திலேயே நடந்து வந்தாள். அவர்களைக் கண்டதும் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. ஒருவர் வாளியைத் தூக்கினார், ஒருவர் இல்லாத சுருக்கத்தை நீவினார். டிரைவரின் முகத்தைப் பார்க்க யாருக்கும் துணிவில்லை.

முதலாளி மட்டும் நகர்ந்தார். சுவரோரம் அடுக்கியிருந்த துணி மூட்டைகளில் ஒன்றை, பழக்கமில்லாதவர் தூக்குவதுபோல இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கி, வேன் அருகே கொண்டுபோய் நின்றார். ஏற்றவில்லை.

“மாப்பிள்ளை” என்றார். குரல் உடைந்து வந்தது. “ஏத்தலாமா?”

டிரைவர் அவரைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். “கொஞ்சம் இருங்க மச்சான்” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு முன் சக்கரத்தின் அருகே மண்டியிட்டார். ரப்பரை உள்ளங்கையால் துடைத்தார். வாய் அசையப் படித்தார். அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

மூட்டையைக் கட்டிப் பிடித்தபடியே முதலாளி நின்றார். இஸ்திரிக்காரி வந்து அதன் மறுமுனையைத் தாங்கிக்கொண்டாள். நான்காவது சக்கரத்தின் பின்னாலிருந்து டிரைவர் எழுந்து வரும்வரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.